மரமீனும் கருமணலும்

நடுவிரல் நீளமுள்ள ஒரு மரத்துண்டு. முதுகில் கருநீலம், விலாவில் வெள்ளிப் பளபளப்பு, வயிற்றில் பால்வெண்மை. வாயருகே சிறிய தகட்டு நாக்கு. வயிற்றிலும் வாலிலும் மும்முனைத் தூண்டில் முட்கள். நீரில் இழுத்தால் அடிபட்ட சாளைக்குஞ்சு போல அது நெளிந்து ஓடும். பாரையும் சீலாவும் அறுக்குளாவும் உண்மை மீன் என்றெண்ணி அதைக் கவ்வும். மீன்பிடி மொழியில் இது பொய்யிரை. கண்ணால் பார்த்த குழந்தைகள் மரமீன் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இத்தகைய சிறு பொருளுக்கு வரலாறு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். மன்னர்களின் பட்டியலையும் போர்களின் தேதிகளையும் வரலாறு என்று மனப்பாடம் செய்து வந்தவர்கள் நாம். ஆனால் உழைக்கும் மனிதனின் கைப்பொருள் ஒவ்வொன்றும் தன்னுள் உலகத்தின் கதையை ஒளித்து வைத்திருக்கிறது. இந்த மரமீனின் வயிற்றிலுள்ள வெண்பூச்சு ஒன்றே நம்மைத் திருகோணமலைக்கு வடக்கே, 50 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள புல்மோட்டைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து அது ஏகாதிபத்தியத்தின் கணக்கேடுகளையும் திறந்து காட்டும்.

மீனை ஏமாற்றும் கலை மிகப் பழையது. நம் திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறள், சூதாட்டத்தில் பெறும் வெற்றியைத் தூண்டில் இரும்பை இரையென்றெண்ணி விழுங்கிய மீனின் நிலைக்கு ஒப்பிடுகிறது. நெய்தல் நில மக்களின் அன்றாடத் தொழிலறிவு அறநூலுக்கே உவமை தந்திருக்கிறது என்பது நாம் கவனிக்கத்தக்கது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற ரோம நாட்டு ஆசிரியர், மக்கெதோனிய ஆற்றங்கரை மக்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகு இரண்டைக் கட்டிப் பொய் ஈ செய்ததை எழுதி வைத்தார். பசிபிக் தீவுகளின் மக்கள் முத்துச்சிப்பியின் ஓட்டை மீன் வடிவில் தேய்த்துச் சூரை மீனைப் பிடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் குக் மாலுமியின் கப்பல்கள் அவற்றை ஐரோப்பாவுக்கு அரும்பொருள்களாக எடுத்துச் சென்றன. நமக்கு அண்மையில், மாசிக் கருவாட்டின் தாயகமான மாலைதீவில், மீனவர் சூரைக்குப் பயன்படுத்தும் முள்ளில் எதிர்முனை கிடையாது. மெருகேற்றிய அந்த முள்ளின் மினுக்கமே சிறு மீனாகத் தோன்றி மீனைக் கவ்வ வைக்கும். படகுக்குள் வந்ததும் மீன் தானே கழன்று விழும்.

மரத்தில் செதுக்கிய பொய்யிரைக்குத் தெளிவான சான்று யப்பானில் உண்டு. அந்நாட்டின் தெற்கிலுள்ள ககோஷிமாப் பகுதி மீனவர்கள், பல தலைமுறைகளாக மரத்தை இறால் வடிவில் செதுக்கி, தீயில் வாட்டி நிறமேற்றிக் கணவாய் பிடித்து வந்தனர். எகி என்பது அதன் பெயர். படகிலிருந்து விழுந்த கரிந்த மரக்கட்டையைக் கணவாய் தழுவிக்கொண்டதைப் பார்த்த மீனவர்களே இதைக் கண்டார்கள் என்று அங்கே கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், கண்டுபிடித்தவன் அரண்மனை அறிஞன் அல்லன்; இரவில் கடலில் விழித்திருந்த உழைப்பாளி.

இனி, மரமீன் எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். கைத்தொழில் என்றால் அறிவு வேண்டாத வேலை என்று கருதுவோர் இதனைப் பொறுமையாக நோக்க வேண்டும்.

முதல் வேலை மரத்தைத் தேர்வது. முள்முருங்கை போன்ற இலேசான மரம் நன்கு மிதக்கும், விரைவில் நெளியும், ஆனால் பல்லுள்ள மீன் கடித்தால் நைந்துவிடும். வேம்பு போன்ற கடினமான மரம் பல்லுக்குத் தாங்கும்; ஆனால் நெளிவு குறையும். எந்த மீனுக்கு எந்த மரம் என்பதைத் தன் நீரை அறிந்தவனே முடிவு செய்ய இயலும். துண்டை இழையோட்டத்தின்படி வெட்டி, கத்தியால் இருபுறமும் சமமாகச் செதுக்க வேண்டும். ஒரு பக்கம் சிறிது பருத்தாலும் மரமீன் நேராக ஓடாது. ஒருபுறம் சாய்ந்து வட்டமிடும். பின்பு உப்புத்தாள் கொண்டு இழைத்து மழமழப்பாக்குவர். உப்புத்தாள் கிடைக்காத காலங்களில் உலகின் பல கடற்கரைகளில் உலர்ந்த சுறாத்தோல் இந்த வேலையைச் செய்தது.

அடுத்து, வயிற்றின் நெடுகே வாள் கொண்டு ஒரு பள்ளம். மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி அப்பள்ளத்தினுள் ஓட வேண்டும். தூண்டில் நூலும் முட்களும் அக்கம்பியிலேயே கோக்கப்படும். மரம் பிளந்தாலும் மீன் தப்பாது. கம்பிக்குக் கீழே சிறு ஈயத்துண்டு. அது எங்கே அமர்கிறது என்பதில்தான் மரமீனின் உயிரே இருக்கிறது. முன்னே வைத்தால் தலைகுப்புற மூழ்கும். பின்னே வைத்தால் வால் தொங்கும். நடு வயிற்றில் தாழ அமைந்தால் நிமிர்ந்து நின்று அசையும். வாயிலுள்ள தகட்டு நாக்கின் சாய்வு, அது எவ்வளவு ஆழம் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும். நீர் நிரம்பிய தொட்டியில் இட்டு இழுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்கள். பௌதிகப் பாடநூலில் மிதப்பு விதியையும் ஈர்ப்பு மையத்தையும் படிக்கும் மாணவன் இங்கே அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

செதுக்கி முடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி பூச்சு. மரத்துக்குப் பகை நீர். கம்பி நுழையும் துளையிலும் முள் உரசும் இடத்திலும் நீர் புகுந்தால் மரம் ஊதும். ஊதினால் வர்ணம் வெடிக்கும். வெடித்த இடத்தால் இன்னும் நீர் புகும். ஆகவே முதலில் எண்ணெய் அல்லது வார்ணிஷ் ஊட்டி மரத்தின் துளைகளை அடைப்பர். தோணிகளுக்குச் சுறா எண்ணெய் பூசியவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. அது நன்றாக உலர்ந்த பிறகு வெண்பூச்சு. அதன் மேலேதான் முதுகின் கருமையும் விலாவின் நிறங்களும் வரும். இறுதியில் தெளிந்த வார்ணிஷ் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திராதவனுடைய மரமீன் ஒரு பருவத்தைத் தாண்டாது.

வெண்பூச்சு எதற்காக? மரத்தின் பழுப்பு நிறம் மேலே இடும் நிறங்களை விழுங்கிவிடும். வெண்மை அடியில் இருந்தால் நிறங்கள் ஒளிரும். இது ஒரு காரணம். மற்றொன்று கடலின் இயல்பு. மேலே கருமையும் கீழே வெண்மையும் கொண்டிருப்பதால்தான் மீனின் உடல் மேலிருந்து வரும் ஒளியில் மறைந்து நிற்கிறது என்பதை அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896-இல் விளக்கினார். நீரில் ஆழம் கூடக் கூடச் சிவப்பு ஒளியே முதலில் மறையும். சில பாகத்துக்குக் கீழே செந்நிற மீன் கருத்தே தோன்றும். வெள்ளை வயிற்றின் மினுக்கமோ ஆழத்திலும் தென்படும். வயிறு வெளுக்காத மரமீனைக் கடல்மீன் நம்பாது.

இந்த வீட்டுத் தொழில் பெரிய ஆலைத் தொழிலாக மாறியது கடந்த நூற்றாண்டில். அமெரிக்காவின் மிச்சிகனில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெடன், 1890-களின் இறுதியில் மரத்தவளைகளைச் செதுக்கத் தொடங்கினார். அது பின்னர் பெருங்கம்பனியாயிற்று. பின்லாந்தின் லௌரி ராப்பாலாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1905-இல் ஏழைத் தாய்க்குப் பிறந்த அவர், காட்டில் மரம் வெட்டியும் ஏரியில் மீன் பிடித்தும் பிழைத்தார். அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட ராப்பாலா என்ற சொல், ஊர்க்குருவானவர் குடும்பப் பெயரை மறந்து எழுதிவிட்ட கிராமத்தின் பெயர் என்பார்கள். கூட்டமாக ஓடும் சிறு மீன்களுள் சற்றே தடுமாறி நீந்தும் மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்பதை அவர் ஏரியில் கண்டார். 1936-இல் தக்கைக் கட்டையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, பாலாடைக்கட்டி சுற்றிவந்த வெள்ளீயத் தாளை மேனியாக ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மெருகாகப் பூசினார். எறிந்துவிட்ட பொருள்களிலிருந்து எழுந்தது அந்த மரமீன். 1962-இல் அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகை அதைப் பற்றி எழுதியதும் தேவை இலட்சக்கணக்கில் பெருகியது. ஓர் உழைப்பாளியின் கூர்ந்த கண், உலகச் சந்தையின் சரக்காயிற்று. உலகின் பல துறைமுகக் கடைகளில் இன்று மீன்பிடிச் சாமான்களிடையே அப்பெயர் கொண்ட பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

இங்கே நாம் வெண்பூச்சுக்குத் திரும்புவோம். பல நூற்றாண்டுகளாக உலகுக்கு வெள்ளை வர்ணம் தந்தது ஈயவெள்ளை. அது நஞ்சு. அதைச் செய்தவர்களும் பூசியவர்களும் கைகால் முடங்கி, வயிற்று வலியால் துடித்து மாண்டனர். தொழிலாளர் இயக்கங்களின் நெடிய போராட்டத்தின் பின்னர், 1921-இல் சர்வதேசத் தொழில் தாபனம் கட்டட உட்பூச்சுக்கு ஈயவெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனோடு தொழில்முறை வர்ண வேலையில் பெண்களையும் 18 வயதுக்குட்பட்ட இளைஞர்களையும் ஈயவெள்ளையோடு தொடர்புபடுத்துவதையும் அது தடை செய்தது. ஈயவெள்ளையின் இடத்தைப் பிடித்தது டைட்டேனியம் வெள்ளை. 1791-இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற மதகுரு ஓர் ஓடைக் கருமணலில் புதிய உலோகமொன்று இருப்பதைக் கண்டார். 1795-இல் கிளாப்ரோத் என்ற செர்மானியர் அதற்கு டைட்டேனியம் எனப் பெயரிட்டார். 1916-ஐ ஒட்டி நோர்வேயிலும் அமெரிக்காவிலும் அதன் ஒக்சைட்டை வர்ணமாகச் செய்யும் தொழில் பிறந்தது. ஒளியை மடக்கித் திருப்புவதில் அது வைரத்தையும் மிஞ்சியது. ஆதலால் மெல்லிய ஒரு பூச்சே அடியிலுள்ள நிறத்தை மூடிவிடும். வீட்டுச் சுவர், காகிதம், பற்பசை, மரமீனின் வயிறு எல்லாம் இன்று இதனாலேயே வெளுக்கின்றன.

உலகத்தை வெளுக்கும் இந்த வெள்ளையின் தாய்ப்பொருள் கருமணல். அது குவிந்து கிடக்கும் இடங்களுள் ஒன்று புல்மோட்டை.

வடக்கே கொக்கிளாய்க் களப்பு, கிழக்கே வங்கக் கடல், பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் தமிழ்பேசும் ஊர். கடற்கரையின் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கருமணல் படுகை. அதில் 70 வீதமளவு இல்மனைட். மிகுதியில் ரூட்டைல், சிர்க்கன், சிறிதளவு மொனசைட். மலைநாட்டுப் பாறைகள் தேய்ந்து ஆறுகளால் கடலுக்கு வந்த மணலை, வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டுதோறும் புடைத்து, இலேசானதைக் கொண்டுபோய்க் கனமானதைக் கரையில் விட்டுச் செல்கின்றன. சுளகில் நெல் புடைக்கும் பெண்ணின் வேலையைக் கடல் செய்கிறது.

இந்த நாட்டின் மண்ணையும் கைவினையையும் ஒருங்கே அறிந்த ஒருவரை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். 1877-இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுப் பணியை நடத்தினார். தோரியனைட் என்ற கனியத்தைக் கண்டவரும் அவரே. அன்றைய ஐரோப்பாவில் வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. நம் மீனவர் இரவில் ஏற்றிய பெற்றோமக்ஸ் விளக்கின் திரியும் நெடுங்காலம் தோரியத்தாலேயே ஒளிர்ந்தது. அந்தத் தோரியத்தைத் தந்த மொனசைட் மணல் நம்முடைய கரைகளிலும் தென்னிந்தியக் கரைகளிலும் அள்ளக் கிடந்த பொருள். கல் தேடி நாடெங்கும் நடந்த குமாரசுவாமி, கிராமக் கைவினைஞர்கள் இறக்குமதிச் சரக்கின் முன் அழிந்துவருவதைக் கண்டார். அதன் விளைவாக 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, சோஷலிஸ்டான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சிலேயே அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. பழைய சமுதாயத்தின் சாதிக் கட்டுகளை அவர் மென்மையாகவே நோக்கினார். ஆயினும் மண்ணடியில் உள்ள செல்வத்தையும் மனிதர் கையிலுள்ள திறமையையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகக் காண அவர் வழிகாட்டினார்.

அந்தக் கேள்வி இதுதான்: ஒரு பொருளை முடித்துத் தருபவன் யார்?

குடியேற்ற ஆட்சி நம் நாட்டை முடிக்காத பொருள்களின் நாடாக வைத்திருந்தது. பென்சிற்கரி தோண்டி அனுப்பினோம், பென்சில் வாங்கினோம். தென்னந்தும்பு, தேயிலை, இறப்பர் யாவும் மூலப்பொருளாகவே கப்பலேறின. செதுக்காத மரம் மலிவு. செதுக்கிய மரம் சற்று விலை. பூச்சு முடித்த மரமீனே சந்தையில் மதிப்பு. ஆதிக்க நாடுகள் பூச்சைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, கட்டையை வெட்டும் வேலையை நமக்கு ஒதுக்கின. சுதந்திரத்தின் பின், 1957-இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அரசுடைமைத் தொழிலாக அது எழுந்தது முன்னேற்றமே. ஊரவர் பலருக்கு வேலை கிடைத்தது. கூட்டுத்தாபனம் பின்னர் அரசுக்குரிய கம்பனியாக மாற்றப்பட்டது. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புல்மோட்டை இல்மனைட், கழுவிப் பிரித்த மணலாகவே யப்பான் முதலிய நாடுகளுக்குப் பெரும்பாலும் சென்றது. அங்கே அமிலத்தில் கரைந்து வெள்ளை வர்ணமாகி, வர்ணத் தகரத்திலும் காகிதத்திலும் பிளாஸ்திக்கிலும் பொய்யிரையிலும் ஏறி, உலகச் சந்தைக்குள் கலந்தது. புல்மோட்டைக் கரையில் ஒருவர் மரமீனைச் செதுக்கி வயிற்றை வெளுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காலடியில் கிடப்பது அந்த வெள்ளையின் மூலம். கையில் எடுப்பதோ கடல் கடந்து வந்த வெள்ளை. இடைவழியில் கூடிய விலை அத்தனையும் பிறருடைய உழைப்புக்கும் இலாபத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் இங்கேயே ஓர் ஆலை கட்டினால் போதுமே என்று மாணவ நண்பர்கள் சொல்லக்கூடும். விரைந்து பதில் சொல்லாமல் அயலாரின் அனுபவத்தைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் 1946-இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை, 1951-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கேரளக் கரையின் இல்மனைட் அங்கேயே வெள்ளையாக மாறியது. அது பெருமைக்குரிய சாதனை. ஆனால் கந்தக அமில முறையில் ஒரு பங்கு வெள்ளைக்குப் பல பங்கு அமிலக் கழிவும் இரும்புக் கழிவும் உண்டாகும். அந்தக் கழிவுநீர் வேளிக் கடலில் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மீனவர்கள் நெடுங்காலம் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். இத்தாலியில் 1972-இல் இத்தகைய ஓர் ஆலை தன் செந்நிறக் கழிவைக் கோர்சிக்காத் தீவுக்கு அருகே கடலில் கொட்டியது. 1973-இல் மீனவரும் மாணவரும் பொதுமக்களும் பாஸ்தியா நகரின் வீதிகளில் திரண்டனர். 1978-இல் ஐரோப்பியச் சமூகம் இந்தத் தொழிலின் கழிவுகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. மீனவர் எழுந்த பிறகே சட்டம் எழுந்தது என்பதை மறக்கலாகாது.

ஆகவே, ஆலை வேண்டுமா வேண்டாமா என்ற அளவில் கேள்வி முடிந்துவிடாது. கரையிலிருந்து எவ்வளவு மணல் எடுக்கலாம், கரைவலை இழுக்கும் மக்களுக்கு எவ்வளவு கரை எஞ்ச வேண்டும், கழிவு எங்கே போக வேண்டும், வேலையும் வருவாயும் யாருக்குச் சேர வேண்டும் என்பவற்றை முடிவு செய்யும் மேசையில் அந்த மணலின் மீது வாழ்பவனுக்கு இடம் உண்டா என்பதே கேள்வி. முன்பு அந்த இடம் இலண்டனில் இருந்தது. பின்பு கொழும்புக்கு வந்தது. புல்மோட்டை வரை அது இன்னும் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு இடையிலே போர் வந்தது. 1983-க்குப் பின் கிழக்குக் கடலில் தொழில் செய்யும் நேரமும் தூரமும் கட்டளைகளால் அளக்கப்பட்டன. 1997 செப்டம்பரில் கனிய மணல் ஏற்ற வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் புல்மோட்டைக்கு அப்பால் தாக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்து மக்களின் உயிரையும் தோணியையும் வலையையும் வாரிச் சென்றது. 2009-இல் போர் முடிந்தது. தோணியை இழந்தவன் புதிய தோணி பெறலாம். தந்தையிடமிருந்து கை வழியாக வர வேண்டிய தொழிலறிவு இடையில் அறுந்தால், அதை எந்த நிவாரணப் பொதியும் திருப்பித் தராது.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயத்தை உருக்கும்போது எழும் ஆவி நஞ்சு. பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசும் மூச்சுக்குக் கேடு. இங்கிலாந்தில் அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்டதால் 1987 முதல் தூண்டிலில் பெரும்பாலான ஈயக் குண்டுகளே தடைசெய்யப்பட்டன. ஆகவே ஈயத்துக்குப் பதில் இரும்பு ஆணித் துண்டை வைத்து உங்கள் மாணவர்களை ஒரு மரமீன் செய்யச் சொல்லுங்கள். ஊர் மீனவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அது ஏன் சாய்ந்து ஓடுகிறது என்று அவரிடமே கேட்கச் செய்யுங்கள். அன்று அவர் ஆசிரியராக நிற்கட்டும். நாம் வாங்கில் அமர்வோம். பிறகு வெண்பூச்சுத் தகரத்தைக் காட்டி, இந்த வெள்ளை எந்த மணலிலிருந்து வந்தது, எந்த வழியாகச் சென்று திரும்பியது, வழியில் யார் யார் என்னென்ன பெற்றார்கள் என்று கேளுங்கள். பொருளாதார வரலாற்றின் முதற் பாடம் அங்கே தொடங்கும்.

தூண்டிலின் மினுக்கத்தை இரையென்று நம்பிய மீன் மாண்டது. மூலப்பொருளை விற்று வரும் காசைச் செல்வமென்று நம்பிய நாடுகளின் நிலையும் அதனின்றும் வெகுதூரம் இல்லை. மீனுக்குச் சிந்திக்கும் வழியில்லை, நமக்கு உண்டு. புல்மோட்டைக் கருமணலின் மீது நடக்கும் சிறுவன், தன் காலடியில் உள்ளது என்ன, அதன் விலை என்ன, அதன் மீது தனக்குள்ள உரிமை என்ன என்று கேட்கத் தொடங்கும் நாளில்தான் அந்தக் கரையின் வரலாறு அவனுடைய வரலாறாகும்.